சாம்பல் தூவிய கீரை

பனி காய்வதற்கு முன் தூவ வேண்டும். இலை ஈரமாக இருந்தால்தான் சாம்பல் பிடிக்கும். குமுதினி காலையில் எழுந்ததும் தகர வாளியைத் தூக்கிக்கொண்டு ஹைமின் பின்பக்கம் போவாள். மா அரிக்கும் அரிதட்டில் சாம்பலை அள்ளி, முளைக்கீரைப் பாத்திக்கு மேலே பிடித்து, உள்ளங்கை விளிம்பால் மெல்லத் தட்டுவாள். சாம்பல் புகை போல இறங்கும். கிளிநொச்சியில் கீரை போட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பூச்சி வராது. இலையில் ஓட்டை விழாது. மருந்து வாங்கத் தேவையில்லை. அதில் யோசிப்பதற்கு எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை.

ஹைம் என்று எல்லோரும் சொல்லும் அந்த அகதி விடுதிக்கு, பேர்லினிலிருந்து ரயிலில் வந்து பிறகு பஸ்ஸும் எடுக்க வேண்டும். ஒரு காலத்தில் கூட்டுப் பண்ணைத் தொழிலாளர்கள் இருந்த கட்டடம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் சோளம். அந்தச் சோளம் மாட்டுக்கும் எரிவாயு தயாரிக்கும் தொட்டிக்கும் போனது. ஊரில் ஒரு கத்தரிக்காய் வாங்க இடமில்லை. கடை பூட்டிப் பல வருடங்கள். சாப்பாட்டுக் காசு போட்டு அரசாங்கம் கொடுத்த கார்ட் பட்டணத்துப் பெரிய கடையில்தான் வேலை செய்தது. பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அதனால் பழுதாகாததை வாங்கினார்கள். அரிசி, நூடில்ஸ், உருளைக்கிழங்கு, பிளாஸ்டிக் பையில் வரும் வெள்ளைப் பாண், மாஜரீன்.

குமுதினியின் மகள் வேணுஜாவுக்கு இரண்டரை வயது. தகப்பன் வவுனியாவில். மார்ச் மாதம் பட்டணத்துக் குழந்தை டாக்டர் வேணுஜாவின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். இரத்தம் எடுத்தார். இரும்புச் சத்து போதாது, நிறையும் போதாது என்றார். துளி மருந்து கொடுத்தார். வேணுஜா அதை ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்தாள்.

அப்போதுதான் சாரங்கா வந்தாள். பேர்லினில் பிறந்தவள். ஊட்டச்சத்து விஞ்ஞானம் படித்து முடித்து, அகதிகளுக்கு உதவும் சிறிய அமைப்பொன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஹைமின் சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். அலுமாரிகளைத் திறந்து பார்த்தாள். பிறகு பின்கதவால் வெளியே போய்ப் புல்லில் நின்றாள்.

“அக்கா, இங்கை பின்னுக்கு இவ்வளவு காணி சும்மா கிடக்கு. கேட்டுப் பாக்கட்டோ?”

“தருவாங்களோ தங்கச்சி?”

“கேட்டாத்தானே தெரியும்.”

தந்தார்கள். சாரங்கா மண்ணைக் கிண்டி ஒரு போத்தலில் அடைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாள். மண் சுத்தம் என்று பதில் வந்த பிறகுதான் கிண்ட விட்டாள். பேர்லின் தமிழ்க் கடையிலிருந்து முளைக்கீரை விதையும் பசளிக்கீரை விதையும் கொண்டு வந்தாள். நிலத்தைக் கொத்தியது பரராசசிங்கம். வயது ஐம்பத்தெட்டு. அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் கிடந்தது. ஹைமில் அவர் செய்யாத வேலை இல்லை.

விறகும் அவர்தான் கொண்டு வருவார். பஸ் வரும் பாதையில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தை இடித்து, ஜன்னல் சட்டங்களையும் கதவுகளையும் குவித்து வைத்திருந்தார்கள். அவர் அவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி வந்து, குளிர்காலம் முழுக்கப் பொது அறையின் இரும்பு அடுப்பில் எரித்தார். வெயில் காலத்தில் வெளியே மூன்று கல் வைத்து, அதில் எல்லோருக்கும் சோறு காய்ச்சினார்.

“ஜெர்மன்காரன் எனக்கு விசா தராட்டிலும் விறகு தாறான்,” என்பார். “அதுவும் காய்ஞ்ச விறகு. நூறு வருசம் காய்ஞ்சது.”

சாம்பலை அவர் ஒரு தகர வாளியில் சேர்த்து வைத்திருந்தார். குமுதினி அதைக் கேட்டு வாங்கினாள். முதல் முறை தூவியபோது சாரங்கா பக்கத்தில் நின்றாள்.

“சாம்பல் போடலாமோ தங்கச்சி? உங்கடை படிப்பிலை என்ன சொல்லுது?”

“நல்லது அக்கா. பொட்டாசியம் இருக்கு, சுண்ணாம்புச் சத்து இருக்கு. மருந்து அடிக்கிறதைவிட எவ்வளவோ நல்லது.”

ஜூனில் கீரை முழங்கால் உயரத்துக்கு வந்தது. வெட்ட வெட்டத் துளிர்த்தது. ஹைமிலிருந்த தமிழர்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள். மேல்மாடியில் இருந்த ஜசிந்தாவுக்குத்தான் கூடுதலாகப் போனது. மன்னார்ப் பெண், வயது இருபத்தைந்து, ஐந்து மாதக் கர்ப்பம். புருஷன் பேர்லினில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான்.

“குமுதினியக்கா, என்னை மாடு எண்டு நினைச்சிட்டியளோ? காலமையும் கீரை, பின்னேரமும் கீரை.”

“மாடு எண்டால் கதையாமல் திண்டிருக்கும். சாப்பிடு. வயித்துப் பிள்ளைக்கு ரத்தம் வேணும்.”

ஜசிந்தா சாப்பிட்டாள். கோப்பையை வழித்து நக்கிக் காட்டிவிட்டு, “ம்மா,” என்று மாடு மாதிரிக் கத்தினாள். வேணுஜா அதைப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் கோடையில் வேணுஜா சிரித்தது குறைவு.

கீரை வளர்ந்தது. பிள்ளை வளரவில்லை. ஜூன் கடைசியில் எடுத்த இரத்தத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

“கீரையிலை இருக்கிற இரும்பு மெதுவாத்தான் உடம்பிலை சேரும் அக்கா,” என்றாள் சாரங்கா. “தேசிக்காய்ப் புளி விட்டுக் குடுங்கோ. அப்பதான் பிடிக்கும்.”

குமுதினி எலுமிச்சம்புளி விட்டுக் கொடுத்தாள். அளவையும் கூட்டினாள். கீரையை மூன்று தண்ணீரில் கழுவினாள். பாத்தியில் வேலை செய்யும்போது பிள்ளையையும் பக்கத்தில் இருத்தினாள், வெயில் படட்டும் என்று. வேணுஜா மண்ணுக்குள் கையை விட்டு அளைந்தாள். விரலை வாயில் வைத்தாள். குமுதினி கையில் தட்டி எடுத்துவிட்டாள். இரத்தம் இல்லாத பிள்ளைகள் மண் தின்னும் என்று அவளுக்குத் தெரியும். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜூலையில் வேணுஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கத் தொடங்கினாள். மலம் கல்லாகப் போனது. தூக்கினாலும் அழுதாள், இறக்கினாலும் அழுதாள். முன்பு பஸ்ஸைக் கண்டால் “பஸ்” என்பாள், பரராசசிங்கத்தைக் கண்டால் “மாமா” என்பாள். இப்போது இரண்டையும் பேசாமல் பார்த்தாள்.

“பிள்ளை கதைக்கிறாளோ?” என்று வவுனியாவிலிருந்து புருஷன் கேட்டான்.

“கதைக்கிறாள். இப்ப நித்திரை,” என்றாள் குமுதினி. போனை வைத்துவிட்டுக் கீரை பிடுங்கப் போனாள்.

ஆகஸ்ட்டில் டாக்டர் மறுபடியும் இரத்தம் எடுத்தார். இந்த முறை அதை வேறொரு பரிசோதனைக்கும் அனுப்பினார். அடுத்த வாரம் சாரங்காவுக்குப் போன் வந்தது. டாக்டரைப் பார்க்க வெள்ளிக்கிழமை டெர்மின். சாரங்கா லீவு எடுத்து வந்தாள்.

டாக்டர் உயரமான பெண். கணினித் திரையைப் பார்த்துச் சொல்லத் தொடங்கியவர் பாதியில் குமுதினியின் பக்கம் திரும்பி, மிச்சத்தை அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார். சாரங்கா போனில் ஒரு சொல்லைத் தேடினாள்.

“அக்கா, பிள்ளையின்ரை ரத்தத்திலை ஈயம் இருக்காம்.”

“ஈயமோ? பாத்திரத்துக்குப் பூசுறதோ?”

“அது வேறை. இது நஞ்சு. கனக்க இருக்காம்.”

டாக்டர் கேள்வி கேட்டார். சாரங்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஊரிலிருந்து கொண்டு வந்த கண்மை பூசுகிறார்களா? இல்லை. பித்தளைப் பாத்திரத்தில் சமைக்கிறார்களா? இல்லை. பழைய தண்ணீர்க் குழாயா? போன வருடம்தான் மாற்றினார்கள். ஈயம் கலந்த பழைய பெயின்ற் அடித்த சுவர், ஜன்னல், கதவு எதையாவது பிள்ளை சுரண்டித் தின்கிறதா?

“இல்லை. எங்கடை ஜன்னல் எல்லாம் பிளாஸ்டிக். இவள் கீரையும் சோறும்தான் சாப்பிடுறவள். எங்கடை கையாலை போட்ட கீரை. நீங்கள் சொல்லுங்கோ தங்கச்சி, மருந்து ஒண்டும் அடிக்கேல்லை எண்டு.”

சாரங்கா சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். பிறகு மெதுவாக, வசனம் வசனமாகப் பேசினார்.

“இரும்பும் ஈயமும் உடம்புக்குள்ளை ஒரே வாசலாலைதான் போகுமாம் அக்கா. இரும்பு காணாத உடம்பு அந்த வாசலை அகலத் திறந்து வைச்சிருக்குமாம். ஈயம் வந்தால் அதையும் இழுத்து எடுக்கும். சாப்பாடு காணாத பிள்ளையளுக்குத்தான் கூடப் பிடிக்கும்.”

“மருந்து இருக்கோ?”

“நாளைக்கு ஆஸ்பத்திரியிலை சேர்க்கச் சொல்லுறா. ரத்தத்திலை இருக்கிறதைக் குறைக்கலாமாம். எலும்புக்குள்ளை போனது கன வருசம் கிடக்கும்.”

“அவள் கதைக்கிறேல்லை. அதைக் கேளுங்கோ.”

சாரங்கா கேட்டாள்.

“தெரியாதாம் அக்கா. இப்ப சொல்லேலாதாம். முதல்லை, எங்கையிருந்து வருது எண்டு கண்டுபிடிச்சு நிப்பாட்ட வேணுமாம்.”

பின்னேர பஸ்ஸில் அவர்கள் மூவரும் மட்டும்தான். வேணுஜா குமுதினியின் மடியில் நித்திரையாகிவிட்டாள். சாரங்கா போனில் எதையோ வாசித்துக்கொண்டே வந்தாள். பஸ் இடித்த பள்ளிக்கூடத்தைத் தாண்டியபோது குமுதினி வெளியே பார்த்தாள். ஜன்னல் சட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு காலத்தில் வெள்ளை. மழையிலும் வெயிலிலும் பெயின்ற் வெடித்து, மீன் செதில் போலக் கிளம்பி நின்றது. குவியலின் ஒரு பக்கம் குறைந்திருந்தது. பரராசசிங்கம் எடுத்த பக்கம்.

பஸ் திரும்பும்வரை அவள் அதையே பார்த்தாள்.

வேறு ஒரு ஹைமில் ஒரு தாயிடமிருந்து அதிகாரிகள் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனதாகக் கதை கேட்டிருந்தாள். ஏன் எடுத்தார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சாப்பாடு ஒழுங்காகக் கொடுக்கவில்லையாம் என்று ஒருவர் சொன்னார். அடித்தாளாம் என்று இன்னொருவர் சொன்னார். சொல்லாமல் விட்டால்? சாம்பலைக் கொட்டிவிட்டு, பாத்தியைப் புரட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல இருந்தால்? பிள்ளைக்கு இனிமேல் கொடுக்க மாட்டாள். அது போதாதா?

போதாது. எல்லோரும் சாப்பிட்டார்கள்.

இறங்கி, தரிப்பிடத்தில் நின்று, பஸ் போகும்வரை காத்திருந்தாள்.

“தங்கச்சி. சாம்பல்.”

“என்ன அக்கா?”

“பரராசசிங்கம் அண்ணை எரிக்கிறது அந்தப் பள்ளிக்கூடத்து ஜன்னல். பழைய பெயின்ற். பெயின்ற் எரிஞ்சு போகும், ஈயமும் எரிஞ்சு போகுமோ?”

சாரங்காவின் காது மடல்கள் சிவந்தன.

“போகாது,” என்றாள். “சாம்பலிலை தங்கும். எரிய எரியச் சேரும்.” பிறகு, “நான்தானே நல்லது எண்டு சொன்னனான்,” என்றாள். “மண்ணைச் சோதிச்சன். சாம்பலைச் சோதிக்கேல்லை. அது என்ன மரம் எண்டு கேக்கக்கூட இல்லை.”

“நீங்கள் சொல்லாட்டிலும் நான் போட்டிருப்பன்.”

சோளத்துக்கு நடுவே நடந்தார்கள். சாரங்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். எல்லோருக்கும் இரத்தம் எடுக்க வேண்டும், பாத்தியில் இருப்பதைப் பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்ப வேண்டும், உரக் குழியில் போடக் கூடாது, மேல்மண்ணையும் அள்ள வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

“ஜசிந்தாவுக்கு நான் சொல்லட்டோ அக்கா?”

“வேண்டாம். நான்தான் குடுத்தனான்.”

ஹைமின் பின்பக்கத்தில் பரராசசிங்கம் மூன்று கல்லுக்கு முன்னால் குந்தியிருந்தார். உலையில் தண்ணீர் கொதித்தது.

“என்னவாம் டாக்குத்தர்? என்ரை மருமோள் எப்ப என்னோடை கதைப்பாளாம்?”

குமுதினி சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு சாரங்காவைப் பார்த்தார். கையிலிருந்த சட்டத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பிள்ளையள் குளிராமல் கிடக்கட்டும் எண்டுதானே எரிச்சனான்,” என்றார். எழுந்து உலைத் தண்ணீரை நெருப்பில் ஊற்றினார்.

சாரங்கா பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு சாம்பல் வாளியைத் தேடிப் போனாள். நஞ்சு பற்றி விசாரிக்கும் போன் இலக்கம் ஒன்று இருக்கிறது, கேட்கிறேன் என்றாள்.

ஜசிந்தா மேல்மாடிச் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மேசையில் பாதி ஆய்ந்த கட்டு கிடந்தது. குமுதினி அதை அப்படியே வாரி ஒரு பையில் போட்டாள்.

“என்னக்கா, மாட்டுக்குத் தீனி நிப்பாட்டியாச்சோ?”

“இரு. சொல்லுறன்.”

கதிரையை இழுத்து எதிரே இருந்து சொன்னாள். டாக்டர் சொன்னதை, பஸ்ஸில் கண்டதை, எல்லாவற்றையும். ஜசிந்தாவின் கை வயிற்றுக்குப் போனது.

“கீரையிலையோ?”

“கீரையிலை இல்லை. கழுவித்தானே தந்தனான். கீரையிலை கொஞ்சமாத்தான் இருக்கும் எண்டு சாரங்கா சொல்லுது. இவள் மண்ணை அளைஞ்சு வாயிலை வைச்சவள், அதாலை கூட. சாம்பலிலைதான் எல்லாம்.”

“எந்தச் சாம்பல்?”

“அண்ணையின்ரை அடுப்புச் சாம்பல். வாளியிலை கிடக்கிறது.”

ஜசிந்தா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் முதுகை வைத்து நின்றாள்.

“அக்கா, நான் அதைத் தின்னுறனான்.”

குமுதினி கையிலிருந்த கீரைப் பையை மேசையில் வைத்தாள்.

“ஆசையாக் கிடந்துது. வாசம் வந்தால் வாயூறும். அம்மாவும் என்னை வயித்திலை வைச்சிருக்கேக்கை அடுப்புச் சாம்பல் திண்டவவாம். வயித்திலை பிள்ளை இருக்கேக்கை வாற ஆசையை அடக்கக் கூடாது எண்டு போனிலையும் சொன்னவ. நீங்கள் பாத்திக்குப் போட்டிட்டு வாளியைப் படிக்குக் கீழை வைப்பியள். பிறகு போய் எடுப்பன்.”

“ஒவ்வொரு நாளுமோ?”

“ஓம்.”

குமுதினி தானும் வேணுஜாவை வயிற்றில் வைத்திருந்தபோது சாம்பலுக்கு ஆசைப்பட்டதையும், மாமி கிண்ணத்தில் போட்டுக் கொடுத்ததையும் நினைத்தாள். அது தென்னம்மட்டை எரித்த சாம்பல். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஜசிந்தா கேட்டிருந்தால் அவளும் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்திருப்பாள்.

“கீழை வா. சாரங்கா போனிலை நிக்குது. சொல்லுவம்.”

“ஏலாதக்கா. வெக்கமாக் கிடக்கு. அவ படிச்ச பிள்ளை. என்னை விசரி எண்டு நினைப்பா. இவருக்குத் தெரிஞ்சால்...” ஜசிந்தா முகத்தைத் துடைத்தாள். “ரத்தத்தை எடுக்கட்டும். அதிலை தெரியும்தானே. நான் வாயாலை சொல்ல வேணுமோ?”

“ரத்தம் திங்கட்கிழமைதான் எடுப்பினம்.”

“மூண்டு நாளிலை என்ன வரப் போகுது?”

அதற்குப் பதில் தெரிந்தவள் கீழே நின்றாள்.

“நீ கதைக்க வேண்டாம். நான் சொல்லுறன். நீ பக்கத்திலை நில்.”

படியில் ஜசிந்தா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். குமுதினி ஒரு படி முன்னால் போனாள். முற்றத்தில் சாரங்கா தகர வாளியைக் கறுப்புப் பையில் கட்டி வைத்துவிட்டு, போனைக் காதில் வைத்திருந்தாள். ஜெர்மன் மொழியில் வேகமாகப் பேசினாள். இருவரையும் கண்டதும் நிறுத்தினாள்.

“தங்கச்சி, இவள் சாம்பல் திண்டிருக்கிறாள். கீரை இல்லை. சாம்பலையே.”

போனில் ஒரு ஆண் குரல் “ஹலோ, ஹலோ” என்றது. சாரங்கா சுவர்ப் பக்கம் திரும்பி அதற்குச் சொன்னாள். சொல்லி முடித்ததும் கேள்விகள் வந்தன.

“எப்ப துவக்கம் எண்டு கேக்கினம்.”

ஜசிந்தா குமுதினியைப் பார்த்தாள். குமுதினிக்குத் தெரியாது.

“வயித்திலை நாலு மாசம் எண்டேக்கை துவக்கம்,” என்றாள் ஜசிந்தா.

“ஒரு நாளைக்கு எவ்வளவு?”

ஜசிந்தா வலது கையை உயர்த்தினாள். பெருவிரலையும் மற்ற இரண்டு விரல்களையும் சேர்த்து, திருநீறு எடுப்பது போலக் குவித்துக் காட்டினாள்.

“இவ்வளவுதான்.”

சாரங்கா அந்த விரல்களைப் பார்த்தாள். அதற்கு ஜெர்மன் மொழியில் என்ன சொல் என்று தேடுபவள் போல நின்றாள். பிறகு போனில் சொல்லத் தொடங்கினாள். நீண்ட நேரம் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை ஜசிந்தா கையை இறக்கவில்லை.